நைந்த பக்கம்

"உனக்கு இந்த யோசனையெல்லாம் எங்கேர்ந்து வருது?" என்று கேட்பவர்களுக்குக் காலர்க்காரி ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "கழுத்துலேர்ந்து." கேட்டவர் திருதிருவென்று விழிக்கும்போதே மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். விளக்கம் சொல்வது அவளுக்கு ஆகாத வேலை.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த இடத்தைக் கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், தலை இடிக்கும் கூரை. புதுத்துணி தைக்க யாரும் அங்கே வந்ததில்லை. பெரும்பாலும் காலர் நைந்த சட்டைகள்தான் வரும். தையலைப் பிரித்து, நைந்த பக்கத்தை உள்ளே தள்ளி, நல்ல பக்கத்தை வெளியே எடுத்துத் தைத்துக் கொடுப்பாள். அந்தப் பக்கமும் நைந்துபோனால் காலரையே வெட்டி எறிந்துவிட்டு வேறு வைப்பாள். சட்டைக்காரருக்கும் அவளுக்கும் தவிர மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

வெட்டிய காலர்கள் ஒரு மூட்டையாகச் சேர்ந்திருந்தன. மழைக்கு ஆள் வராத ஒரு நாள் அதைத் தரையில் கொட்டினாள். ஒன்றைப்போல் ஒன்று நையவில்லை. தோளில் பை மாட்டுகிறவருடையது ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. எந்நேரமும் தாடியைச் சொறிகிறவருடையது முனையில் பஞ்சாகியிருந்தது. வியர்வை ஊறிய மஞ்சள், வெளுத்து வெளுத்துப் பால்போல ஆன நீலம். காசு கொடுத்தாலும் எந்த நூல்கடையிலும் கிடைக்காத நிறங்கள். இதையா இத்தனை வருஷமும் உள்ளே தள்ளித் தைத்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் ஊசியை எடுத்தவள்தான். ஒரு வெள்ளைத் துணியின்மேல் காலரோடு காலர் சேர்ந்து, சுவரை அடைக்கும் அளவுக்கு ஒரு திரை வளர்ந்துவிட்டது.

"குப்பையை உக்காந்து தைக்கிறா" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் பயம் இருந்தது. அக்கா புருஷன் குமாஸ்தாவாக இருந்த காலம் முழுக்கத் திருப்பிய காலரோடுதான் ஆபீஸ் போய் வந்தார். வாழ்ந்த வாழ்க்கையை வெளியே காட்டாமல் கட்டிக் காத்த வீடு அது. அவருடைய பழுப்புக் கோடு போட்ட காலர் திரையின் நட்டநடுவில் இருந்தது. கேட்டால் அக்கா விடமாட்டாள் என்று காலர்க்காரி கேட்கவே இல்லை.

பேன்ட் நீளத்தைக் குறைக்கக் கடைக்கு வந்த கண்காட்சிக்கூடத்துப் பொறுப்பாளர் அம்மாள் திரையைப் பார்த்துவிட்டுக் கண்காட்சியில் இடம் கொடுத்தார். திறப்பு நாளன்று அக்காவோடும் அத்தானோடும் காலர்க்காரி போய் நின்றால், சுவரில் வெள்ளைத் துணி தொங்குகிறது. அதில் வரிசை பிசகாத தையல். மாட்டிய ஆட்கள் நைந்த பக்கத்தைப் பின்பக்கம் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன, நல்ல பக்கத்தை வெளியே வைப்பதுதானே உலக வழக்கம்.

"மாத்தி மாட்டிட்டாங்க போல" என்றார் பொறுப்பாளர் அம்மாள். "ஆனா இப்படியும் சுத்தமா, அழகாத்தான் இருக்கு. ஆளுங்க வேற வர ஆரம்பிச்சுட்டாங்க."

அக்கா காலர்க்காரியின் கையை இறுக்கிப் பிடித்தாள். புருஷனுடைய காலர் அதில் இருப்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. திரையின் ஓரத்தை ஏற்கெனவே தூக்கிப் பார்த்திருந்தாள். "இப்படியே விட்டுடுடி. உங்க அத்தான் மானத்தை வாங்காதே."

காலர்க்காரிக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. பொறுப்பாளர் அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஊர்ச் சட்டையெல்லாம் மறைச்சுத் தைச்சேன். அது அவங்க சட்டை. இது என்னோடது, இதை மறைக்க முடியாது. வேண்டாம்னா சொல்லுங்க, சுருட்டி எடுத்துக்கிட்டுப் போறேன்."

பதிலுக்கு நிற்காமல் ஓரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கொக்கிகளைக் கழற்றக் கழற்றத் திரையின் கனம் தோளில் இறங்கியது. ஸ்டூல் ஆடியது. பிறகு ஆடவில்லை. குனிந்து பார்த்தாள். அத்தான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண், மடிந்து தொங்கிய துணியில் பழுப்புக் கோட்டின்மேல் இருந்தது. ஆனாலும் அவள் கை நிற்கவில்லை.

திரை திரும்பியது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றாள். ஆட்கள் கிட்டே வந்தார்கள். மொடமொடவென்று புதுச்சட்டை போட்ட ஒருவர் நட்டநடுவில் இருந்த பழுப்புக் கோட்டுக் காலரை நோக்கி விரலை நீட்டினார்.

"இவ்வளவு நைஞ்சதைக்கூட யாராவது போட்டிருப்பாங்களா?"

"நான் போட்டேன்" என்றார் அத்தான், வாசல்வரை கேட்கிற குரலில். "ஒரு பக்கமில்லே, ரெண்டு பக்கமும்."