இரங்கல் கூட்டத்தில் நான் சொன்ன பொய்

"ஏலே, இந்தத் தலகாணியச் செத்த ஒசத்து." மதுரை மருத்துவமனையில் என் நண்பர் என்னிடம் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான். உயர்த்திவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் இறந்துபோனார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் ராஜபாளையத்தில் கல்லூரித் தமிழாசிரியன். சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்ற மேடைப் பேச்சாளன். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் எழுத்தர். என் கூட்டங்களுக்கெல்லாம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும், "நீ மைக்கப் பிடிச்சா பொணமும் எந்திரிச்சுக் கைதட்டும்லே" என்று கேலி செய்வார். அவருக்கும் அவர் மனைவிக்கும் பல வருடங்களாகப் பேச்சு இல்லை. நண்பரின் தாயாரை இடையில் வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். காரணத்தை நான் கேட்டதில்லை.

இரங்கல் கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான்தான் கடைசிப் பேச்சாளன். எனக்கு முன்னால் ஆறு பேர் பேசிவிட்டதால், ஜனங்கள் பஸ்ஸுக்கு எழத் தொடங்கியிருந்தார்கள். எழுந்தவர்களை உட்கார வைக்கும் வித்தை எனக்குத் தெரியும். மைக்கிலிருந்து ஒரு சாண் விலகிச் சற்று நேரம் பேசாமல் நின்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: அவளிடம் நான் கேட்காத மன்னிப்பை நீ கேட்டுவிடு. அம்மாவை அவளைத் தவிர யாரிடமும் விட்டுப்போக எனக்கு மனமில்லை" என்றேன். மன்னிப்பை யோசித்துத்தான் சொன்னேன். தாயாரைப் பற்றிய வாக்கியம் ஓசைக்காகத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மண்டபமே விம்மியது.

கீழே இறங்கியதும் அவர் மனைவி வந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த பேசாமப் போயிட்டாவளேன்னு இருந்தேண்ணே. அவிய உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருக்காவ."

தங்கையைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போகத் தளவாய்புரத்திலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் பின்னாலேயே நின்றார். "ஏட்டி, கார் வந்து நிக்கி. பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு."

"எறக்கிருங்க. நான் வரல. அத்தைய யாரு பாப்பா?"

மாமியாரைப் பதினோரு வருடம் அவர் பார்த்துக்கொண்டார். அதில் பாதி, படுத்த படுக்கையாய்.

மாமியார் இறந்த பிறகு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு பிற்பகலில் போனேன். காபி கொடுத்தார். நான் தொடங்குவதற்குள், "அண்ணே, அன்னைக்கி மேடையில சொன்னியள்லா, அத இன்னொருக்கச் சொல்லுங்க. வார்த்தையெல்லாம் மறந்துக்கிட்டே வருது" என்றார்.

சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லில் அழத் தொடங்கினார். அடுத்த வாக்கியத்துக்கு எவ்வளவு இடைவெளி விட்டால் சரியாக இருக்கும் என்று யோசித்தேன். பிறகு அதையும் சொன்னேன்.

போன மாதம் அவரும் காலமானார். இப்போதுதான் இதை எழுதத் துணிகிறேன்.