நடுவில் ஓர் ஆள் இடம்

வெல்டா கோஸ்மிக்கி எங்கள் ஊர் தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிறவள். நெப்ராஸ்காவில் அறுவடைக் காலத்தில் அவள் வாயில் விழாத டிரைவர் கிடையாது. லாரியை எடைமேடையில் ஏற்றிவிட்டு எவனாவது உள்ளேயே உட்கார்ந்திருந்தால் போதும், ஜன்னலைத் திறந்து கத்துவாள். "இறங்குய்யா! உன் தொப்பையையும் சோளக் கணக்குல எழுதச் சொல்றியா?" அப்படிப்பட்ட வாய்தான். ஆனால் போன வருஷம் அவள் புருஷன் ராய்ஸ் செத்த பிறகு அந்த வாய் கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. எங்களுக்கெல்லாம் அதுதான் பெரிய பயமாக இருந்தது.

ராய்ஸ் போனது ஜல்லிக் குழி வளைவில். இடப்பக்கம் ஒடிகிற வளைவு அது. எங்கள் ஊரில் ரோட்டில் வலப்பக்கம்தான் போக வேண்டும்; ஒழுங்காகப் போகிறவன் தன் பாதையிலேயே சுற்றிப் போவான். ராய்ஸ் மோட்டார் சைக்கிளில் எதிர்ப்பாதையை அறுத்துக்கொண்டு குறுக்கே பாய்வான். பின்னால் உட்கார்ந்திருக்கும் வெல்டா ஒவ்வொரு முறையும் அவன் வயிற்றைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வாள், இறங்கியதும் முதுகில் நாலு வைப்பாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், கூடப் போகவில்லை. எதிரே சோள லாரி வந்தது.

வண்டி அதிகம் அடிபடாமல் வயலில் போய் விழுந்திருந்தது. அதை விற்றுவிடுவாள் என்று ஊரே நினைத்தபோது அவள் போய் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று சர்ச்சில் முணுமுணுத்தவர்களிடம், "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவன் முதுகையே பாத்தாச்சு. இனிமேலாவது ரோட்டைப் பாக்கறேன்" என்றாள்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்க வேண்டாமா? ராய்ஸ் நெடுநெடுவென்று கொக்கு மாதிரி இருப்பான். அவனுக்கென்று போட்ட தட்டை ஹேண்டில்பார் அது. குள்ளமான வெல்டா அதை எட்டிப் பிடிக்க டாங்க் மேல் கவிழ்ந்து படுக்க வேண்டியிருந்தது. பக்கத்து ஊர் போவதற்குள் தோள் பிடுங்கும், விரல்கள் மரத்து கிளட்ச்சே தெரியாது. இப்படியே போனால் வண்டியை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. அது அவளுக்குத் தெரியும். 

கடைசியில் மெர்ல் வைத்திருந்த வண்டிப் பட்டறைக்குப் போனாள். மெர்ல் ராய்ஸின் கூட்டாளி, வாய்த் துடுக்கில் அவளுக்குச் சரிக்குச் சமம்.

"உசரமான ஹேண்டில்பார் போட்டாத் தீந்துச்சு. ஏறி உட்காரு" என்றான். "கண்ண மூடிக்க. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கு. அப்படியே மெதுவா எறக்கு. எங்க தன்னால நிக்குதோ அதான் உன் அளவு."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் அளப்பார்கள். கண்ணைத் திறந்து தேர்ந்தெடுத்தால் அழகுக்கு ஆசைப்பட்டுவிடுவோம், கை பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை.

வெல்டா கண்ணை மூடினாள். கைகள் இறங்கின, நின்றன. மெர்ல் டேப்பை வைத்து அளந்தான். மறுபடியும் அளந்தான்.

"ஏம்மா, ஒன்னோட கைக்கு இது ரொம்பத் தள்ளி நிக்குதே. ஒனக்கும் பாருக்கும் நடுவுல ஒரு ஆளே உட்காரலாம் போலிருக்கு."

"கை அங்கதான் நிக்குது. வெட்டி எறக்கவா சொல்ற?"

"கை சொன்னாச் சரிதான், தாயே."

அந்த அளவுக்கே உயரமான, அகலமான பாரைப் போட்டான். அதற்குத் தகுந்த மாதிரி நீள கிளட்ச் கேபிள், நீள பிரேக் குழாய். இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எதுவும் இழுக்கவில்லை என்று பார்த்தான். பின்னால்தான் யாரும் இல்லையே என்று பின் சீட்டைக் கழற்றி வைக்கச் சொன்னாள் வெல்டா. காசைக் கொடுக்கும்போது மெர்ல் எச்சரித்தான். "கைய விரிச்சுக்கிட்டு நிமிந்து உட்காருவ. முன்கண்ணாடியும் கெடையாது. காத்து நெஞ்சுல மொத்து மொத்துனு மொத்தும், பாத்துக்க."

மொத்தவில்லை. அதுதான் விஷயம்.

ஆகஸ்ட் மாதம், பட்டப்பகல். இரண்டு பக்கமும் ஆளுயரச் சோளம். வண்டி வேகம் எடுத்தது. தோள் வலிக்கவில்லை, விரல் மரக்கவில்லை. சோளத்தோகை எல்லாம் காற்றில் படுத்து எழுந்தது, அவள் சட்டைக் கை படபடத்தது. நெஞ்சில் மட்டும் காற்றே இல்லை. சுவருக்குப் பின்னால் உட்கார்ந்த மாதிரி கதகதப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனையும் வந்தது. ஆரஞ்சுத் தோல் வாசனை. கிரீஸ் போக ராய்ஸ் கை கழுவுகிற சோப்பு.

திரும்பி வந்தபோது மெர்ல் பட்டறை வாசலில் நின்றிருந்தான். "ஊர் சுத்தினியா, இல்ல ஷெட்டுக்குள்ளயே நின்னியா? சட்டையில ஒரு பூச்சி கூட இல்லையே!" சிரித்துக்கொண்டே வண்டியின் முன்பக்கம் போனான். முன்விளக்கு முழுக்க வெட்டுக்கிளியும் ஈயும் அப்பிக் கிடந்தன. அவன் சிரிப்பு நின்றுபோனது. வெல்டாவின் சட்டையைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், உள்ளே போய்விட்டான்.

வெல்டாவுக்குப் பயமே இல்லை. சொன்னால் வெட்கக்கேடு, சந்தோஷமாக இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவாள். ஆனால் ஜல்லிக் குழிப் பக்கம் மட்டும் போகவில்லை.

ஒரு நாள் போனாள். வளைவு கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைக்க நினைத்தாள். வண்டி குறையவில்லை. வலது கைப்பிடி அவள் உள்ளங்கைக்குள்ளேயே முறுக்கிக்கொண்டது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து எதிர்ப்பாதைக்குள் பாய்ந்தது. ராய்ஸ் பாய்கிற அதே மாதிரி. அவள் பலம் கொண்ட மட்டும் எதிர்த்துத் திருப்பினாள். அவள் கைக்கு மேல் இன்னொரு கை இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. எதிரே வந்த லாரியின் ஹாரன் அலறியது. அதன் சக்கரம் காதோரம் உரசிக்கொண்டு போனது. எப்படியோ வண்டி வயலோரம் போய் நின்றது.

வெல்டா இன்ஜினை அணைத்தாள். அப்புறம் வந்ததே கோபம்!

"அட பாவி மனுஷா! செத்தும் ஒனக்குப் புத்தி வரலியா? நீ போய்ச் சேந்தது பத்தாதுன்னு என்னையும் கூட்டிட்டுப் போகப் பாக்கறியா? எறங்குடா!"

சோளத்தோகை சரசரத்தது. ஆரஞ்சு வாசனை அப்படியே இருந்தது. இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. அவனை இறக்கிவிட அவளுக்கும் மனசு இல்லை, அதுதான் நிஜம். வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தாள். அழுதுகொண்டே வந்தாள்.

"மெர்ல், இந்த பாரை என் பக்கம் இழுத்து வை."

"ஏன், அளவுலதான உட்காந்திருக்கு?"

"அளவெடுத்தப்ப கண்ண மூடியிருந்தேன்யா. பின்னாடி உட்காந்த பழக்கத்துல அவனுக்கும் சேத்து எடம் விட்டிருக்கு இந்தப் பாழாப்போன கை. இப்பத் தொறந்துக்கிட்டு உட்காரறேன். அள."

மெர்ல் ஸ்பானரை எடுத்தான். பாரைப் பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்தினான். வெல்டா தன் கைக்கு வருகிற வரைக்கும் பாரைப் பின்னால் சாய்த்துப் பிடித்தாள். அவன் முறுக்கினான், கேபிளைச் சரிபார்த்தான். இப்போது அவளுக்கும் பாருக்கும் நடுவில் ஒரு குழந்தை உட்காரக்கூட இடமில்லை.

"அந்தப் பின் சீட்டையும் எடுத்து மாட்டு."

"யார் உட்காரப் போறா?"

"கேக்காத."

மறுநாள் அதே ரோடு. காற்று நெஞ்சில் மொத்து மொத்தென்று மொத்தியது. வெட்டுக்கிளி ஒன்று கழுத்தில் வந்து சுளீரென்று அறைந்தது. வெல்டா கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்தாள். வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்தாள், குறைந்தது. தன் பாதையிலேயே, அவள் இழுத்த இழுப்பில், வண்டி ஒழுங்காகச் சுற்றியது. எதிரே லாரி ஒன்று அது பாட்டுக்குக் கடந்து போனது. அந்த நேரத்தில் அவள் வயிற்றைச் சுற்றிப் பின்னாலிருந்து ஏதோ இறுகியது, மூச்சு முட்டுகிற அளவுக்கு.

"தெரியுதா?" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "இத்தன வருஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?"

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினாள். சட்டை முழுக்கப் பூச்சி, ரத்தம், சிறகு. மெர்லுக்கு உயிர் வந்தது. "அப்பாடா! இப்பத்தான் வண்டி ஓட்டுற பொம்பள மாதிரி இருக்க" என்று துடைக்கத் துணியை நீட்டியவன் பாதியில் நிறுத்திவிட்டான். அவன் பார்த்த இடத்தை அவளும் குனிந்து பார்த்தாள்.

பெல்ட்டுக்கு மேலே, இரண்டு கைகளைக் கோத்து வைத்தால் எவ்வளவு இடம் மறையுமோ அவ்வளவு இடத்தில் மட்டும் சட்டை சுத்தமாக இருந்தது. வெல்டாவின் கைகளை விடப் பெரிய கைகள்.

"மிச்சத்தைத் தொடைச்சுக்கறேன், குடு" என்று துணியை வாங்கிக்கொண்டாள்.