எல்.டிஸ் என்று நான் எழுதிய கட்டு

1. கேட்டு வந்தவர்

"எங்கம்மா சீட்டுங்க ஒரு கட்டு குடுத்தேனே மேடம், அத கொஞ்சம் பாக்கணுங்க" என்று முள்ளிப்பட்டு கஸ்தூரி வந்து நின்றபோது காலை பதினொரு மணி இருக்கும். நான் தலையை நிமிர்த்தாமலே பதிவேட்டைப் புரட்டினேன். வரிசை எண் நாற்பத்திரண்டு. பக்கத்தில், என் கையெழுத்தில், சிவப்பு மையில், எல்.டிஸ். பதிவேட்டைச் சட்டென்று மூடினேன்.

இளையவர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். நான் தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் ரெக்கார்ட் கிளார்க்காக இருந்தவள். முடிந்த ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஆயுசு எழுதுவது என் வேலை. ஆர்.டிஸ் என்றால் நிரந்தரம். டி.டிஸ் பத்து வருஷம். எல்.டிஸ் ஒரே வருஷம், அப்புறம் அழித்துவிடலாம். முதல் தாளைப் பார்த்தாலே என் கை தானாக எழுதிவிடும். அதில் எனக்குக் கர்வம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு தரணேந்திரன் சார் கூப்பிட்டார். ஆரணியில் மருந்துக் கடை வைத்திருப்பவர், வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். அவர்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருநாள் ஏட்டுச் சுவடிகளை வெளியே எடுத்துத் துடைத்து, புதுத் துணியில் கட்டிப் பூசை செய்வார்களாம். "ஏட்ட கும்பிடறோம். ஊர்க்காரங்க காகிதத்துக்கும் ஒரு மரியாதை வேணாங்களா மேடம்?" என்று கேட்டு, கடை மாடியில் ஊர் ஆவண அறை ஒன்றைத் தொடங்கினார். பரணில் கிடந்த போட்டோ, கல்யாணப் பத்திரிகை, பார்டர் டிசைன் போட்ட கிராஃப் தாள் என்று ஜனங்கள் பை பையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த அறையில் உட்கார்ந்தால் எனக்குக் கண் சொக்கும். எதிர்ச் சந்தில் பவர்லூம் ஓடிக்கொண்டே இருக்கும். ஜன்னல் வெயிலில் தூசி மெல்ல மிதக்கும். கையிலிருக்கும் போட்டோவிலிருந்து யாரோ எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போவது போலிருக்கும். போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வேலையே கனவு மாதிரி நடந்துகொண்டிருந்தது.

ஆனால் கை மட்டும் தாலுகா ஆபீஸ் கை.

2. சீட்டு

கஸ்தூரி கொடுத்தது பாவுச் சீட்டுகள். வீட்டுத் தறிக்காரருக்கு முதலாளி பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல், கொடுக்கும்போது கூடவே தரும் துண்டுக் காகிதம். என்ன நிறம், எத்தனை புடவைக்கு, தறிக்காரர் யார், அவ்வளவுதான் அதில் இருக்கும். எல்லாவற்றிலும் தறிக்காரராகக் கஸ்தூரியின் அப்பா பெயர். இருபது வருஷத்துக்கு முந்தைய சீட்டு. வேலை முடிந்தால் சீட்டுக்கு என்ன ஆயுசு? எல்.டிஸ் போட்டேன். ஒரு வருஷம் எப்போதோ கடந்துவிட்டதே என்று அன்றைக்கே பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டேன். தரணேந்திரன் சாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னாத்துக்கு இப்ப பாக்கணும்?" என்று, பயத்தை மறைக்கக் கொஞ்சம் வெடுக்கென்று கேட்டேன்.

"மலைப்படி பார்டர் இருக்குதுங்களே, அது எங்கம்மா போட்டதுங்க. திருமலைக்குப் போய்ட்டு வந்துச்சு. அந்த மலைப் படிங்களே கண்ல நிக்குதுன்னு, தறிக்குழில குந்திகினு சீட்டுப் பின்னால பென்சில்ல கட்டம் கட்டமா போட்டுப் பாத்துச்சு. நீங்க வைக்கப்போற கண்காட்சில அத முதலாளி வூட்டு டிசைன்னு எழுதறீங்களாமே. அம்மா போயி சேந்துட்ச்சு. அந்தச் சீட்டத் தவிர எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க."

அவள் சொன்னது உண்மை. முதலாளியின் மகன் கண்காட்சிக்கு அந்த பார்டர் போட்ட பழைய புடவை ஒன்றைக் கொடுத்து, "எங்கப்பா போட்ட டிசைன்" என்று சொல்லியிருந்தார். அதை அப்படியே எழுதி வைத்தவளும் நான்தான்.

"அந்தக் கட்டு இல்லம்மா. நான் பழைய பேப்பருக்குப் போட்டுட்டேன்."

கஸ்தூரி கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்கூட்ல ஒழுவுது, இங்க இருந்தா பத்திரமா இருக்கும்னு குடுத்தேங்க" என்றாள்.

3. வந்தவாசி பஸ்

பேப்பர் கடைக்காரர், "அதெல்லாம் வந்தவாசிக்குப் போய்ட்ச்சும்மா, கவர் ஒட்றவங்க எடுத்துகினு போனாங்க" என்றார். மறுநாளே பஸ் ஏறினேன். அங்கே ஒரு கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து கவர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவருடைய பரீட்சைத் தாளில் கடலை போகப்போகிறது. கூடத்தை நடத்தும் அம்மா உதட்டைப் பிதுக்கினார். "துண்டுச் சீட்டு கவருக்கு ஆவாதுங்க. மில்லுக்கு மூட்ட கட்டி அனுப்சிட்டோம். இன்னேரம் கூழாயிருக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வயல், ஏரிக்கரை, தூரத்தில் பாறைக் குன்று எல்லாம் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தன. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அப்போது அந்தச் சீட்டுகள் கண்முன் வந்தன. நான் கட்டைப் பிரித்த நாள், மஞ்சள் பூத்த தாள், என் கட்டைவிரல் அதைத் திருப்புகிறது. பின்பக்கம் பென்சில் கட்டங்கள். ஒன்றில் ஐந்து படி, மேலே ஒரு புள்ளி. இன்னொன்றில் ஏழு, குறுக்கே அடித்திருக்கிறது. மற்றொன்றில் ஒன்பது. குழந்தை ஏதோ கிறுக்கியிருக்கிறது என்று நினைத்தேனே! எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பஸ் நிலையத்திலிருந்து நேரே முள்ளிப்பட்டுக்குப் போனேன். நான் கண்டதைச் சொல்லாமல், "உங்கம்மா முதல்ல எப்படிப் போட்டாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"மொதல்ல அஞ்சு படிதாங்க. குட்டையா கீதுன்னுச்சு. அப்பால ஏழு. அதயும் அடிச்சிட்டு ஒம்போது போட்டுச்சு" என்றாள்.

புடவையில் இருப்பது ஒன்பது படி. ஐந்தும் ஏழும் எந்தப் புடவையிலும் இல்லை; சீட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

4. சான்று

ஆபீஸில் காணாமல்போன ரெக்கார்டுக்கு ஒரே பதில்தான்: "பதிவுகள் கிடைக்கப்பெறவில்லை." எலியா, கரையானா, நாங்களா, யாரும் கேட்க மாட்டார்கள். அதில் எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த முறை வேறு மாதிரி எழுதினேன்.

"முள்ளிப்பட்டு கஸ்தூரி என்பவரின் தாயார் பாவுச் சீட்டுகளின் பின்புறம் வரைந்த மலைப்படி பார்டரின் மூன்று முயற்சிகளை, ஐந்து, ஏழு, ஒன்பது படிகளாக, நான் நேரில் கண்டேன். அச்சீட்டுகள் என்னால் தவறாக அழிக்கப்பட்டன."

தரணேந்திரன் சார் தயங்கினார். "சீட்டு கைல இல்லாம இத ஒட்டினா முதலாளி வூட்ல பேஜார் பண்ணுவாங்க மேடம்."

"பண்ணட்டும் சார். பாத்தது நான். அழிச்சதும் நான். என்னத்தான கேப்பாங்க?"

அவர் கீழே கடைக்குப் போய் செலோடேப் எடுத்துவந்தார். புடவைக்குப் பக்கத்திலேயே ஒட்டினோம்.

கண்காட்சி அன்று முதலாளியின் மகன் இரண்டு தடவை படித்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அப்புறம் கஸ்தூரி வந்தாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்வாள் என நினைத்தேன். அந்த ஆசை எனக்கு இருந்தது.

"எங்கம்மா பேரு எங்கேங்க?" என்றாள்.

இத்தனை அலைந்தும், அவள் வீட்டுக்கே போயும், நான் அந்தப் பெயரைக் கேட்டிருக்கவே இல்லை.

இந்த அறைக்கு வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஸ்கேனர், கையுறை எல்லாம் அப்புறம்தான். ஒரு தாளைக் கையில் வாங்கினால், இது யார் கை பட்டது, அவர் பெயர் என்ன என்று முதலில் கேளுங்கள் என்பேன். எனக்கு அது அறுபத்திரண்டு வயதில்தான் புரிந்தது.

பேனாவைக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். 'தாயார்' என்பதற்கு மேலே, நிறுத்தி நிறுத்தி, அவளே எழுதினாள்: பச்சையம்மாள்.