சரளாவின் கடலைப் போட்டுக்கொடுத்த ராஜி அக்கா

ராஜி அக்கா இன்று விடியற்காலையில் இறந்துவிட்டார். வைட்ஃபீல்ட் ஷட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்.

எங்கள் பழைய ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது... எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

குரூப்பில் எல்லோரும் தங்கமான மனசு, தங்கமான மனசு என்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு எமோஜிகூடப் போடவில்லை.

எனக்கு அவர்மேல் பத்து வருஷக் கோபம். அவர் செத்துப்போனதால் அது குறையவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

சரளாவுக்கு ஐம்பது வயது ஆன வருஷம். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்து அவள். ஆபீஸில் அவளுக்கு நாலாவது மாடி, எனக்கு பேன்ட்ரி. அதுவரை அவள் கடலைப் பார்த்ததே இல்லை.

அவள் வீட்டுக்காரர் மூர்த்தி அண்ணன் கோயிலுக்கென்றால் மட்டும்தான் வெளியூருக்கு விடுவார்.

வருஷா வருஷம் தை மாதம் சக்தி மாலை போட்டு, சிவப்புச் சேலை கட்டி, இருமுடியோடு பஸ் பிடித்துத் தமிழ்நாட்டுக்கு அம்மன் கோயிலுக்குப் போவோம். பேர் எழுதுவது, பஸ் பேசுவது, தலை எண்ணுவது எல்லாம் ராஜி அக்காதான்.

அந்தக் கோயிலிலிருந்து மகாபலிபுரம் ஒன்றரை மணி நேரம். சரளாவின் பிறந்தநாளும் அதே வாரம்... பிறகென்ன. இருமுடி செலுத்தி மாலையைக் கழற்றியதும் நான், சரளா, பரிமளா மூன்று பேரும் நழுவிவிடுவது என்று முடிவு.

ராஜி அக்காவையும் கூப்பிடலாமா என்று பரிமளா கேட்டாள். வேண்டாம் என்று சொன்னது நான்தான். அவர் வந்தால் அலைக்கும் ஷிஃப்ட் போடுவார் என்றேன். அவர் காதுக்கு அது போயிருக்குமோ என்னவோ.

ஆனால் அவரிடம் சொல்லாமல் போக முடியாது. தலை எண்ணுவாரே.

"வீட்ல கேட்டா, கோயில் சேவைக்கு ஒரு நாள் நின்னுட்டாங்கன்னு சொல்லுங்கக்கா."

"சரிம்மா, நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா பயப்படாதீங்க" என்றார். என் தோளில் கைவைத்துச் சொன்னார். நம்பினேன், முட்டாள்.

கடலைப் பார்த்ததும் சரளா சொன்னாள்... "இவ்ளோ தண்ணி இங்க கெடக்குது. நாம ஒரு கொடத்துக்கு அட்ச்சிக்கினு சாவறோம்."

புதுச் சேலையோடு அப்படியே இறங்கிவிட்டாள். சாயம் கரைந்து சுற்றிலும் தண்ணீர் சிவந்தது. அதைப் பார்த்து, காலில் என்னவோ கிழித்துவிட்டது என்று அலறினாள். நாங்கள் மணலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மணலில் வைத்துத்தான் கேக் வெட்டினோம். பாதியை அலை கொண்டுபோனது. மிச்சத்தை மணலோடு தின்றோம்.

மறுநாள் சாயங்காலம் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் மூர்த்தி அண்ணன் நிற்கிறார்.

"கடல் எப்டி இருந்துச்சு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அத்தனை பேர் முன்னால் சரளாவை அறைந்தார். ஐம்பது வயதுப் பெண்ணை...

முந்தின நாள் பஸ் ஸ்ரீராம்புரம் வந்ததும், மூட்டைகூட இறக்காமல், ராஜி அக்கா நேராக அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். "உம் பொண்டாட்டி மகாபலிபுரத்துல ஆட்டம் போட்டுக்கினு இருக்கா" என்று. பஸ்ஸில் வந்த பெண்கள் காதால் கேட்டது.

ஆபீஸில் போய்ச் சண்டை போட்டேன். "மாலை போட்டுக்கினு போய் பொய் சொன்னா ஆத்தா சும்மா விடுவாளா?" என்றார். ஆத்தா சும்மாதான் விட்டாள். விடாதது இவர்தான்.

சரளாவை அதற்கப்புறம் வேலைக்கு அனுப்பவில்லை. பன்னிரண்டு வருஷ வேலை. அவள் ஐடி கார்டைக்கூட நான்தான் கொண்டுபோய் ராஜி அக்காவிடம் கொடுத்தேன். நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி டிராயரில் போட்டார்.

அன்றிலிருந்து அவர் டீயில் நான் சர்க்கரை போடவில்லை. அவர் ரிட்டயர் ஆகும்வரை ஆறு வருஷம், தினம் இரண்டு வேளை. ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. குடித்துவிட்டுக் கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்... அதையும் கொடுக்கவில்லை.

எனக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று வாரம் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர் அவர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் அதனால் சரளாவுக்கு என்ன?

காலையில் சரளாவுக்கு போன் போட்டேன். "ஜீவனஹள்ளில அக்கா வூட்டுக்கு மாலை வாங்கினு போறேன், நீயும் வா" என்றாள்.

"நான் வரல."

"செத்தவங்க மேல என்னாடி கோவம்?"

"எனக்கு இருக்கு. எல்லாத்தையும் எழுதிப் போடப் போறேன்."

"போடு" என்றாள். "நான் தண்ணில நிக்கற போட்டோவையும் சேத்துப் போடு."

போட்டிருக்கிறேன். சிவந்த தண்ணீரின் நடுவில் வாயெல்லாம் பல்லாக நிற்பவள்தான் சரளா. பத்து வருஷமாக என் போனில் ஒளிந்திருந்த போட்டோ.

அடுத்த மாதம் அவளுக்கு அறுபது. மறுபடியும் மகாபலிபுரம். மூன்று பேருக்கும் ரூம் போட்டாயிற்று, கடலைப் பார்த்த ரூம். மூர்த்தி அண்ணனும் என் ஃபிரண்ட் லிஸ்டில் இருக்கிறார். படிக்கட்டும்.

இந்தத் தடவை அவரிடம் போய்ச் சொல்ல நீங்கள் இல்லை ராஜி அக்கா. நானே சொல்லிவிட்டேன்.

போய் வாருங்கள்.