அவர் குடித்த சீனித் தேத்தண்ணி

என் கணவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறது என்று தெரிந்த அன்று, பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து லுணுகலைக்கு வந்து இறங்கும்வரை நான் பஸ் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் அவர்தான் சொன்னார்.

"ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு புள்ள. இதுக்குப் போயி மொகத்த இப்புடி வச்சிக்கிட்டு வர்றியே."

என் அப்பாவுக்கும் இதே வருத்தம்தான். காலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. காலை எடுத்தார்கள். பிறகு மூன்று வருடம் தேயிலைத் தோட்டத்து லய வரிசையின் ஒற்றைக் காம்பராவுக்குள்ளேயே படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்தார். அன்று பதுளைக் கிளினிக்கில் தாதி ஒருவர் எதிரே உட்கார்ந்து, என்ன சாப்பிட வேண்டும், டாக்டர் எழுதித் தந்த குளிசையை எப்போது போட வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேனே தவிர, ஒன்றும் காதில் ஏறவில்லை. அப்பாவின் கால்தான் கண்ணுக்குள் நின்றது.

அவர் லுணுகலையில் ஆட்டோ ஓட்டுகிறார். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் கைக்குழந்தைகளையும் நடக்கப் பழகும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. மகள் கொழும்பில் இருக்கிறாள். போன வருடம் எனக்கு ஒரு நல்ல போன் வாங்கி அனுப்பியிருந்தாள். சீனி வருத்தத்துக்கு என்ன சாப்பாடு என்று அதில் ஒரேயொரு வீடியோதான் தேடிப் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தப் போன் வேறு எதையுமே எனக்குக் காட்ட மறுத்துவிட்டது.

வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் சோறு விஷம் என்றார். இன்னொருவர் விடியற்காலையில் பாவக்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். ஓட்ஸும் பாதாமும் ஒலிவ் எண்ணெயும் இல்லாமல் ஆகாது என்றது ஒரு செய்தி. லுணுகலைக் கடைகளில் ஒலிவ் எண்ணெய் கேட்டுப் பார்த்தேன், இருமலுக்கா என்று கேட்டார்கள். சிரித்த முகமாக ஒரு அம்மா வந்து, பகல் சாப்பாட்டை அடியோடு விட்டுவிட்டால் சீனி தானாக இறங்கிவிடும் என்றார். அவரைத்தான் நான் முழுசாக நம்பினேன். அவர் சொன்னதற்கு எதையும் வாங்கத் தேவையில்லையே.

காலையில் பாவக்காய்ச் சாறு ஒரு கப். அதன் பிறகு ஒரு ரொட்டியில் பாதி. பகலுக்கு ஒன்றுமில்லை. இரவுக்கு அவித்த மரக்கறி. மூன்று ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்று வளர்ந்த மனிதர் அவர். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. சாற்றைக் குடித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடி, "இன்னக்கி கொஞ்சம் பரவால்ல" என்பார். அந்தக் கசப்பு எப்படிக் குறையும் என்று நானும் கேட்டதில்லை. ஒரு மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆனது. எங்கள் லயத்தில் எல்லாரும் இளைத்துவிட்டார் என்றார்கள். வைத்தியம் பிடிக்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தார். "ஒங்க வீட்டுக்காரர டவுன்ல பார்த்தேன். நானா கடையில பணிஸும் கையுமா ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டிருந்தாரு. நேத்தும் பார்த்தேன்."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! விடியக்காலை எழுந்து நான் பாவக்காய் அரைக்க, அவர் பகலில் போய்ப் பேக்கரிப் பணிஸ் தின்று சீனித் தேத்தண்ணி குடிக்கிறாரா? மறுநாள் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேரே டவுனுக்குப் போனேன்.

நானா கடை ஆட்டோ நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய முஸ்லிம் மனிதர். சின்னவர்களிலிருந்து பெரியவர்கள்வரை அவரை அண்ணன் என்ற முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கணவர் அங்கே இல்லை. யாரையோ ஏற்றிக்கொண்டு மடுல்சீமைப் பக்கம் போயிருந்தார். கோபத்தை யார் மேலாவது இறக்கியாக வேண்டும்.

"அவருக்குச் சீனி வருத்தம்னு ஒங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா சீனி போட்டுக் குடுக்கிறீங்க?"

நானா பதறவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தெரியும் தங்கச்சி. எனக்கும் பதினஞ்சு வருஷமா ஈக்கிது. இருங்க, சொல்றன்."

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் என் கணவர் ஆட்டோவைக் கடைக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாராம். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்திருக்கிறாள். நல்ல மழை, குளிர். ஆனால் அவர் சட்டை வேர்வையில் ஒட்டிக் கிடந்ததாம். கை நடுங்கி, ஆட்டோவை அணைக்கக்கூட முடியவில்லை. பேச்சு குழறியது. குடித்திருக்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் சத்தம் போட்டிருக்கிறாள்.

"எனக்குப் பார்த்த ஒடனே வெளங்கிச்சு. சீனி கொறஞ்சி போயிட்டு. தூக்கிட்டு வந்து இதே கதிரையில ஒக்கார வச்சி, மூணு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடுத்தன். பொறகு ஒரு பணிஸ். கால் மணித்தியாலத்துல மனிசன் சரியாகிட்டாரு. பகலைக்கி என்ன சாப்பிட்டீங்கண்டு கேட்டன். ஒண்ணுமில்லையாம். குளிசையையும் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா என்ன ஆகும் தங்கச்சி? அண்டையிலேர்ந்து பன்னண்டரை ஆனா நான்தான் கூப்பிட்டு ஏதாச்சும் தின்ன வைக்கிறன். ஒங்கட்ட சொல்ல வேணாண்டாரு."

கண்ணாடி அலுமாரிக்குள் பணிஸும் ரோல்ஸும் அடுக்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கைக்குழந்தையை நினைத்தேன். மடுல்சீமைப் பாதையின் வளைவுகளில் ஒன்றில் அவர் கை நடுங்கியிருந்தால்? வீடியோவில் சிரித்த அம்மாவுக்கு இந்தப் பாதையும் தெரியாது, இவர் போடும் குளிசையும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

சிறிது நேரத்தில் அவர் வந்துவிட்டார். என்னைக் கடைக்குள் கண்டதும், பள்ளிக்கூடம் போகாமல் பிடிபட்ட பையன் மாதிரி வாசலிலேயே நின்றார்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"என்னான்னு சொல்ல?"

"பசிக்குதுன்னு சொல்லக்கூடாதா?"

அவர் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். நானா உள்ளே போய்விட்டார்.

"நீ பயந்து போய்க் கெடந்த புள்ள. நாளும் விடிய எந்திரிச்சி, போர்வைய வெலக்கி, என் பாதத்தத் தடவித் தடவிப் பார்த்தியே. தூங்குறேன்னு நெனச்சியா? முழிச்சிக்கிட்டுத்தான் கெடந்தேன். அந்தச் சாறக் குடிச்சா ஒனக்குப் பயம் போகும்னா குடிச்சிட்டுப் போறேன்னு இருந்தேன்."

கடையென்றும் பார்க்காமல் அழுதேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, மேசையில் இருந்த தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கிளினிக் நாள்வரை காத்திருக்கவில்லை. மறுநாளே பதுளைக்குப் போனோம். டாக்டர் நடந்ததையெல்லாம் கேட்டு, குளிசையை மாற்றி எழுதினார். பிறகு தாதியிடம் அனுப்பினார். முதல் நாள் பேசிய அதே சிங்களத் தாதி. நிதானமாகத் தமிழ் பேசுவார். நான் போனை நீட்டி அந்த வீடியோவைக் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு, "நீங்க என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன குடுக்கிறீங்க?"

"காலையில இலைக்கஞ்சி மிஸ். வல்லாரை, முருங்கை, எது கெடைக்குதோ அது. பகலுக்குக் கொஞ்சம் சோறு, பருப்பு, கீரை. சில நாள் கௌபிப் பயறு அவிப்போம்."

"நேரம் தவறினா?"

"அழுவாங்க. நேரம் தவற விட மாட்டோம்."

"அப்போ எல்லாம் தெரியும்தானே," என்றார் அவர். "ஐயாவுக்கும் நேரத்துக்குச் சாப்பாடு. தட்டுல பாதி கீரையும் மரக்கறியும். சோறு கொஞ்சம். கடலையோ பருப்போ மீனோ ஒண்ணு. தேத்தண்ணிக்குச் சீனி வேணாம். மயக்கம், நடுக்கம் வந்தா மட்டும் ஒடனே சீனி. ஆட்டோவுல எப்பவும் டொபி வச்சிக்கோங்க."

இந்த முறை ஒவ்வொரு சொல்லும் காதில் ஏறியது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சீனியில்லாத தேத்தண்ணியை அவர் இன்னும் தண்டனை மாதிரிதான் குடிக்கிறார். முதலில் நான் குரக்கனில், அந்தக் கேழ்வரகு மாவில், சுட்ட ரொட்டி செருப்புத் தோல் மாதிரி வந்தது. தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுப் பிசைய அவர்தான் யோசனை சொன்னார், பிறகு பிசையும் வேலையே அவருடையதாகிவிட்டது. தீபாவளிக்கு இரண்டு அதிரசம் தின்றார். நான் மூன்றாவதை எடுத்து ஒளித்து வைத்தேன். அதற்காக ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. ஆனாலும் அடுத்தடுத்த கிளினிக்குகளில் சீனிக் கணக்கு மெல்ல இறங்கி வந்திருக்கிறது. சீனி நடுக்கம் பிறகு வரவில்லை. போன் காட்டும் வீடியோக்களை இப்போதும் பார்க்கிறேன். நல்லது மாதிரித் தெரிந்தால் தாதியிடம் கேட்க எழுதி வைத்துக்கொள்கிறேன். பாதியைத் தாதி வேண்டாம் என்று அடித்துவிடுவார்.

இப்போது பகல் பன்னிரண்டரைக்கு அவர் ஆட்டோவைப் பிள்ளைக்காம்பரா வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார். பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்திருக்கும். வாசற்படியில் இருவரும் உட்கார்ந்து சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்போம். போன வாரம், தூங்காமல் அடம்பிடித்த ஒரு பெண் பிள்ளை தவழ்ந்து வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அவர் கையிலிருந்த ரொட்டிக்கு வாயைத் திறந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"குடுக்கலாமா மிஸ்?" என்றார்.

"ஒரு துண்டு மட்டும்," என்றேன்.