நாலு வரிக் கார்டுகள்

கதைக்குச் சரக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று யாராவது கேட்டால் அந்த நாளில் நான் கங்கைக்கரையைக் காட்டுவேன். சாயங்காலக் காற்று, படகு, அஸ்தமனம் என்று அளப்பேன். அத்தனையும் புளுகு. கல்கத்தாவில் இருந்த காலத்தில் கரைக்குப் போனது இரண்டே தடவை. இரண்டு தடவையும் கொசுக்கடி தாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். குடியிருந்தது பட்டணத்துக்கு ஒதுக்குப்புறமான டாக்குரியாவில். ரயில் ஸ்டேஷனை விட்டால் அங்கே அப்போது குளமும் மூங்கிலும்தான். என் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே சொல்லச் சொல்ல, ஊரில் இருந்த அவள் அம்மாவுக்கு நான் கார்டு எழுத வேண்டும்.

அவள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள்.

"பக்கத்தாத்து வங்காளி மாமி, அந்த மாஷிமாவைப் பத்தி எழுதுங்கோ. பாவம், புருஷன் போயிட்டார். ஆத்துல எல்லாரும் மீன் சாப்பிடறா, இவளுக்கு மட்டும் மீன் கூடாதுன்னு தனி அடுப்பு. நேத்திக்கு நம்மாத்து ரச வாசனை பிடிச்சுண்டு கொல்லைப்பக்கமா வந்து கிண்ணத்தை நீட்டினா. குடிச்சுட்டு, 'உங்காத்துல எல்லாருமே என் மாதிரிதான் சாப்பிடறேளா?'ன்னு கை ஜாடையும் அரைகுறை பாஷையுமா கேட்டா. ஆமான்னேன். அழுதுட்டா. அப்படியே எழுதுங்கோ."

நான் எழுதியது இதுதான்: இவ்விடம் சகலரும் க்ஷேமம். மழை ஜாஸ்தி. அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும். நாலு வரி.

"எழுதினேளா?"

"எழுதிட்டேன்."

அன்று மத்தியானமே ரசக் கிண்ணத்தைக் கதையாக்கிச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். என் பெயரோடு அச்சாகி வந்தது. ஆபீசில் நம்மவர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கார்டைச் சுருக்கியது முதலில் சோம்பலால்தான். பிறகு காரணம் மோசமானது. அவள் அம்மாவுக்கு எழுதிவிட்டால் அந்த விஷயம் அவர்கள் இருவருடையதாகிவிடும், எனக்கு இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. எவ்வளவு அற்பன் நான்!

மாமியாருக்கும் எழுத்து வராது. யாரையாவது பிடித்து எழுதவைப்பாள். 'நாலு வரியோட நிறுத்திக்கறியே, அம்மா அலுத்துப்போயிட்டேனாடி?' என்று ஒவ்வொரு கார்டிலும் கேட்டிருப்பாள். என் மனைவிக்கு வாசித்துக் காட்டும்போது அதை விட்டுவிடுவேன்.

"ரசம் விஷயத்துக்கு அம்மா ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்லையே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எனக்குப் பழகிவிட்டது. அவள் பேச்சு வாரத்துக்கு வாரம் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "க்ஷேமம்னு எழுதிடுங்கோ, போறும். அம்மாவுக்கு என் பேச்செல்லாம் பிடிக்கலை" என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என் பேனாவும் நின்றது. வெயில்மேல் பழி போட்டேன், ஆபீஸ்மேல் போட்டேன். "சட்டியில் இருந்தால்தானே ஓய் அகப்பையில் வரும்?" என்று ஒரு நண்பர் கேலி செய்தார். அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. சட்டி என் வீட்டு அடுக்களையில் இருந்தது. அதைக் கவிழ்த்தவன் நான்தான்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு ஜுரம் கண்டது. டாக்டர் கையை விரித்ததும், "அம்மாவுக்குத் தந்தி கொடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். என்னைப் பார்க்கணும்னு அவளுக்கு இருந்தா கேட்டிருப்பாளே" என்றாள்.

அவள் சொல்லையும் மீறித் தந்தி கொடுத்தேன். அம்மா ரயிலேறும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தான் வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டே என் மனைவி செத்துப்போனாள்.

காரியங்கள் முடிந்து மாமியாரைப் பார்க்கப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்றே என்னிடம் பேசுகிறவள், அன்று எதிரில் வந்து உட்கார்ந்தாள். கார்டுகளையெல்லாம் தரையில் பரப்பினாள்.

"மாப்பிள்ளை, எனக்குப் படிச்சுச் சொன்னவா எதையாவது விட்டிருப்பாளோ? நீங்க நன்னாப் பாருங்கோ. அவ பேசாம இருக்கமாட்டா."

என்னால் தாங்கமுடியவில்லை. பெட்டியிலிருந்து அந்த ரசக் கதை வந்த பத்திரிகையை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். கொல்லைப்பக்கம் கிண்ணம் வந்த இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இது எம்பொண்ணு பேசறதுன்னா!"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேள். எனக்குச் சொல்லப்படாதா?" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முதல்லேர்ந்து படியுங்கோ. நீங்க சேர்த்ததை விட்டுடுங்கோ. அவ சொன்னது மட்டும் போறும்" என்றாள்.

நான் எதை விடுவது என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். விடுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.