தம்பி ஒட்டிய லேபிள்

பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அக்காவுக்குத் தெருவே சூட்டிய பெயர் சிடுமூஞ்சி. அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. ஸ்டிக்கர் பசையைப் போக்கக் கண்டதையும் போட்டுத் தேய்த்துவிட்டு எவனாவது கம்ப்யூட்டர் பெட்டியோடு வந்தால் போதும், அவன் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனைதான். "பிளாஸ்டிக்குல தின்னர் ஊத்துறவன் கையை ஒடைக்கணும்!" என்பாள்.

அவள் கைப்பக்குவம் வேறு. ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டி, ஸ்டிக்கரை ஓரத்திலிருந்து மெல்ல உரிப்பாள். மிச்சப் பசையில் சமையல் எண்ணெய் தடவி ஊறவிட்டு, விரலால் உருட்டி எடுப்பாள். பிறகு சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி. எதுவானாலும் முதலில் பெட்டியின் அடிப்பக்கத்தில் சோதித்துப் பார்த்துவிடுவாள்.

அப்பா காலமானபின் அவளும் தம்பியும் அவர் விட்டுப்போன கடைச் சாமான்களைப் பிரித்துக்கொண்டார்கள். அப்பா வாங்கிய முதல் கம்ப்யூட்டர் மட்டும் இழுபறியில் நின்றது. அது வீட்டுக்கு வந்த அன்று அப்பா அவளைத்தான் முதலில் உட்காரவைத்தார். தம்பிக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்து வந்து, அதன் முகப்பில் தன் பெயரைப் பெரிய லேபிளாக ஒட்டிவிட்டுப் போனான். "சாயங்காலம் வண்டியோட வர்றேன், எடுத்து வை" என்று போனில் உத்தரவு வேறு.

என்ன நெஞ்சழுத்தம்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெடுக்கென்று இழுத்தாள். லேபிள் வந்தது, பசை வரவில்லை. எண்ணெய் ஊறும்வரை யார் காத்திருப்பது? அவன் வருவதற்குள் அவன் பெயர் இருந்த சுவடே தெரியக் கூடாது. இரும்பு அலமாரிக்குப் பெயின்ட் அடிக்க வாங்கிய தின்னரைத் துணியில் கொட்டி, அடிப்பக்கத்தை நினைத்தும் பார்க்காமல் பரபரவென்று தேய்த்தாள். பசை போயிற்று. கூடவே பிளாஸ்டிக்கும் இளகிக் குழைந்தது. பதறிப்போய்த் தடவியதில் அவள் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது.

தம்பி வந்தான், குனிந்து பார்த்தான், மூக்கைச் சுளித்தான்.

"தின்னரா? நீயா?"

"வாயை மூடு."

"நல்லா முத்திரை குத்திட்ட. இனிமே இது எனக்கெதுக்கு? நீயே வச்சுக்க."

வெறும் வண்டியோடு போய்விட்டான். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. "பாவி, அப்பா பெட்டியை நாசமாக்கிட்டியே" என்று தன்னையே திட்டி அழுதாள்.

மறுநாள் ஒருவன் வந்து, தின்னர் போட்டுத் துடைத்ததாகச் சொன்னான். அவனுக்கு விழுந்த திட்டு மாதிரி அந்தத் தெரு கேட்டதே இல்லை. அதில் பாதிக்குமேல் தனக்கில்லை என்பது பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?